எண்ணெய்ச் சட்டி முன் நின்றவர்கள்

டோனட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் நடுவில் இருக்கும் ஓட்டையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஓட்டைக்கு ஒரு கதாநாயகன் இருக்கிறார், வருடம் இருக்கிறது, ஒரு கப்பல்கூட இருக்கிறது. எனக்கு என்னவோ எண்ணெய் மீதுதான் கண். காரணம், ஒரு வருடமாக என் வீட்டில் டோனட் எண்ணெய்ச் சட்டி இல்லாமலேயே வேகிறது. ஏர் ஃபிரையரில். மாவைப் பிசைந்து, பொங்கவிட்டு, வளையமாக வெட்டி, கூடைக்குள் நாலு நாலாக அடுக்கி மூடினால் ஆறு நிமிடத்தில் பொன்னிறமாக வந்துவிடுகிறது. மேலே கிளேஸ் என்கிற சர்க்கரைப் பூச்சு. பார்க்க அசல் டோனட். சாப்பிடவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 350 வருடங்களுக்கு முன்னால் 'எண்ணெய்' என்பதையே பெயரில் வைத்திருந்த ஒரு பண்டம் இது. அதிலிருந்து எண்ணெயை எடுத்தால் கூடவே வேறு எதெல்லாம் போகிறது என்ற கேள்வி, கூடையை வெளியே இழுக்கிற ஒவ்வொரு முறையும் வந்து நிற்கிறது.

அந்தப் பெயர் டச்சுப் பெயர். ஓலிகூக். நேரடியாகச் சொன்னால் எண்ணெய்ப் பணியாரம். ஆம்ஸ்டர்டாமில் 1667இல் வெளிவந்த 'விவேகமுள்ள சமையல்காரர்' என்ற சமையல் புத்தகத்தில் அதன் செய்முறை இருக்கிறது. கோதுமை மாவு, ஈஸ்ட், பால், வெண்ணெய், உலர்திராட்சை, பாதாம், ஆப்பிள், கூடவே பட்டை, கிராம்பு, இஞ்சி. எல்லாவற்றையும் கலந்து, உருண்டை உருண்டையாக எண்ணெயில் போட்டு எடுக்க வேண்டும். அந்தப் பட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒல்லாந்தர் போர்ச்சுகீசியரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தது 1658இல். இலங்கையின் கறுவாப்பட்டை வணிகம் முழுவதும் அவர்களுடைய கம்பெனியின் கைக்குள் போயிருந்த காலம். ஆம்ஸ்டர்டாம் அடுப்படியில் எண்ணெய்ப் பணியாரத்துக்கு வாசம் கொடுத்தது இலங்கைக் காடுகளில் உரிக்கப்பட்ட பட்டை. உரித்தவர்களின் பெயர் எந்தச் சமையல் புத்தகத்திலும் இல்லை.

அதே காலத்தில் ஆல்பர்ட் காய்ப் என்ற டச்சு ஓவியர், 1652 வாக்கில், ஒரு பணிப்பெண்ணையும் அவளுடைய பானை நிறைய எண்ணெய்ப் பணியாரங்களையும் வரைந்திருக்கிறார். டோர்ட்ரெக்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராஜாக்களும் தளபதிகளும் வியாபாரிகளும் சட்டத்துக்குள் நிற்கிற ஊரில் ஒரு பணியாரக்காரி. எனக்கு டோனட்டின் வரலாறு இவளிடம்தான் தொடங்குகிறது.

டச்சுக் குடியேறிகள் இந்தப் பணியாரத்தை அட்லாண்டிக்கைத் தாண்டி இன்றைய மன்ஹாட்டனுக்குக் கொண்டு போனார்கள். அப்போது அந்த ஊருக்கு நியூ ஆம்ஸ்டர்டாம் என்று பெயர். 1664இல் ஆங்கிலேயர் பிடித்து நியூயார்க் ஆக்கினார்கள். ஆட்சி மாறினாலும் வாய் மாறவில்லை. வாஷிங்டன் இர்விங் 1809இல் நியூயார்க்கின் வரலாறு என்று ஒரு நையாண்டிப் புத்தகம் எழுதியபோது, டச்சு வீடுகளின் தேநீர் மேசையில் பன்றிக் கொழுப்பில் பொரித்த இனிப்பு மாவு உருண்டைகள் குவிந்திருப்பதைச் சொல்லி, அவற்றுக்கு டோனட் என்றும் ஓலிகூக் என்றும் இரண்டு பெயர்களையும் தருகிறார். எண்ணெய் போய்க் கொழுப்பு வந்துவிட்டது. பழைய பெயர் விலகி, 'மாவுக் கொட்டை' என்ற புதுப்பெயர் உட்கார்ந்துகொண்டது. இன்னும் ஓட்டை வரவில்லை.

ஓட்டைக்கு வருவோம், அதை விட்டால் சண்டைக்கு வருவீர்கள். மெய்ன் மாநிலத்துக் கப்பல்காரர் ஹான்சன் கிரிகரி, 1847இல், பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது தான்தான் டோனட்டுக்கு நடுவில் ஓட்டை போட்டதாக, கிழவரான பிறகு ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். ஓரம் வெந்து நடு மட்டும் பச்சை மாவாகவே இருக்கிறது, வயிற்றில் கல்லாக உட்காருகிறது, அதனால் மிளகு டப்பாவின் தகரத்தால் நடுவை வெட்டி எடுத்தேன் என்கிறார். அவர் பிறந்த ஊர்ப்பக்கம், ராக்போர்ட்டில், இதற்கு ஒரு நினைவுப் பலகையும் உண்டு. இருக்கட்டும். உளுந்து மாவை வாழை இலையில் தட்டி நடுவில் கட்டை விரலை விடுகிற எந்தப் பாட்டியும் பேட்டி கொடுத்ததில்லை. அவருக்குத் தெரிந்ததும் கிரிகரிக்குத் தெரிந்ததும் ஒரே சங்கதிதான். மாவின் நடுவுக்குச் சூடு போய்ச் சேர நேரமாகும். அதற்குள் வெளியே கருகிவிடும். நடுவை எடுத்துவிட்டால் பிரச்சினையும் போய்விடும்.

டோனட் அமெரிக்காவின் தேசியப் பலகாரமாக ஆனது பிரான்சில். 1917. முதல் உலகப் போருக்குப் போன அமெரிக்கப் படைகளின் பின்னால் இரட்சணிய சேனையும் போயிருந்தது. மோன்டியே என்ற கிராமத்தில், விடாத மழை. முகாமிலிருந்த பையன்களுக்கு வீட்டு ஞாபகம். மார்கரெட் ஷெல்டன், ஹெலன் பர்வியன்ஸ் என்ற இரண்டு பெண்கள் அவர்களுக்கு ஏதாவது சுட்டுக் கொடுக்கலாம் என்று பார்த்தார்கள். கேக் செய்ய அடுப்பு வசதி இல்லை. கையில் இருந்தது மாவு, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, பேக்கிங் பவுடர், டப்பாப் பால். இவற்றை வைத்துக்கொண்டு டோனட்தான் போட முடியும். மாவைத் தேய்க்க ஒயின் பாட்டில். அடுப்பு தாழ்வாக இருந்ததால் பர்வியன்ஸ் அதன் முன்னால் மண்டி போட்டுத்தான் பொரித்தார். ஒரு ஈட்டுக்கு ஏழு. முதல் நாள் 150. வெளியே மழையில் வரிசை நின்றது. பிறகு எண்ணிக்கை ஆயிரங்களுக்குப் போனது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு குணம் உண்டு. அதைக் காய வைத்துவிட்டால் நாலு போட்டு நிறுத்த மனசு வராது. ஒரு லிட்டர் எண்ணெய் காய எடுக்கும் நேரமும் விறகும் நாலு டோனட்டுக்கும் அதேதான், நாற்பது டோனட்டுக்கும் அதேதான். அதனால் பொரிக்கிற பண்டம் எந்த ஊரிலும் கூட்டத்துக்கான பண்டமாக இருக்கிறது. நெதர்லாந்தில் இன்றும் வருடக் கடைசி நாளன்று எண்ணெய்ப் பணியாரம் பொரிக்கிறார்கள். நம் பக்கம் தீபாவளிக்கு முறுக்குப் பிழிய அடுத்த வீட்டு அக்கா தன் அச்சோடு வருவார். சட்டி முன்னால் ஒருவர் வெந்துகொண்டிருப்பார், சுற்றிலும் நிறைய பேர் சாப்பிடுவார்கள். பெரும்பாலும் வேகிறவர் பெண்.

போர் முடிந்து பையன்கள் ஊர் திரும்பினார்கள், டோனட் ஆசையும் கூடவே திரும்பியது. ரஷ்யாவிலிருந்து வந்த யூதரான அடால்ஃப் லெவிட் 1920இல் நியூயார்க்கில் டோனட் இயந்திரம் செய்து கடை ஜன்னலில் வைத்தார். வளையம் தானாக விழுந்து, தானாக மிதந்து, தானாகப் புரள்வதை ஜனம் நின்று வேடிக்கை பார்த்தது. 1937இல் வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலத்தில் கிறிஸ்பி கிரீம். 1950இல் மாசசூசெட்ஸின் குயின்சியில் டங்கின் டோனட்ஸ். இந்தப் பகுதியை வணிகப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன, எனக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. இயந்திரம் வந்த பிறகும் அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து சூடான சட்டி முன்னால் நிற்க யாரோ ஒருவர் தேவைப்பட்டார் என்பதுதான் விஷயம். அந்த யாரோ, 1970களுக்குப் பிறகு கலிஃபோர்னியாவில், கம்போடியர்கள்.

1975 ஏப்ரலில் புனோம் பென் நகரம் கெமர் ரூஜிடம் விழுந்தது. அந்த வருடமே டெட் ஙோய் தன் மனைவி குழந்தைகளோடு கலிஃபோர்னியாவின் அகதி முகாமில் வந்து இறங்கினார். மனைவியின் பெயர் சுகந்தினி. ஆமாம், நம் சுகந்தினிதான். சமஸ்கிருதம் எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். டெட் பகலில் ஒரு வேலை, ராத்திரி பெட்ரோல் பங்க்கில் ஒரு வேலை என்று ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடையிலிருந்து டோனட் வாசம் வந்தது. வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தவருக்கு ஊரில் சாப்பிட்ட நொம் கொங் நினைவு வந்தது. அரிசி மாவில் வளையமாகப் பொரித்து மேலே பனைவெல்லப் பாகு ஊற்றுகிற கம்போடியப் பலகாரம். அதிரசம் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் ருசியை நான் விளக்க வேண்டியதில்லை.

டெட் ஒரு டோனட் நிறுவனத்தில் தொழில் கற்றார். பிறகு லா ஹாப்ராவில் கிறிஸ்டிஸ் என்ற கடையை வாங்கினார். சுகந்தினி அந்தக் கடையின் பெயரையே தன் அமெரிக்கப் பெயராக்கிக்கொண்டு கிறிஸ்டி ஆனார். ஒரு கடை பல கடைகளானது. பின்னால் வந்த அகதிக் குடும்பங்களுக்கு டெட் கடைகளைக் குத்தகைக்கு விட்டார், மாவு பிசையவும் பொரிக்கவும் சொல்லிக் கொடுத்தார். ஆங்கிலம் அதிகம் தேவைப்படாத, குடும்பமாகச் செய்யக்கூடிய தொழில். அம்மா கல்லாவில், அப்பா எண்ணெய் முன்னால், பிள்ளைகள் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம். வெள்ளை அட்டைப் பெட்டியைவிட விலை குறைவு என்று இளஞ்சிவப்புப் பெட்டியை வாங்க ஆரம்பித்தார்கள். இன்று ஹாலிவுட் படங்களில் டோனட் என்றாலே அந்தப் பெட்டிதான். கலிஃபோர்னியாவின் தனியார் டோனட் கடைகளில் மிகப் பெரும்பாலானவை கம்போடிய வம்சாவளியினருடையவை ஆயின. டெட் பின்னர் சூதாட்டத்தில் எல்லாவற்றையும் இழந்தார். 'தி டோனட் கிங்' என்ற ஆவணப்படம் 2020இல் வந்தது, தேடிப் பாருங்கள்.

அந்தக் கடைகளின் பிள்ளைகள் பலர் கல்லூரிக்குப் போய் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். பெற்றோர் ஆசைப்பட்டதும் அதுதான். ராத்திரி முழுக்கக் கொதிக்கிற எண்ணெய் முன்னால் நின்றது, பிள்ளைகள் நிற்க வேண்டாம் என்பதற்காக. எண்ணெய் இல்லாத டோனட்டைக் கேலி செய்ய வாய் வரும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்கிறேன். சட்டியைப் பற்றிய ஏக்கம் பெரும்பாலும் சாப்பிட்டவர்களுடைய ஏக்கம்.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். சூடான காற்றை விசிறி வைத்துச் சுழற்றிச் சமைக்கும் யோசனை பழையது. 1945 வாக்கில் அமெரிக்கர் வில்லியம் மேக்ஸன், விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்க 'சுழற்காற்று அடுப்பு' ஒன்றைச் செய்தார். அதைச் சின்னக் கூடைக்குள் அடக்கிப் பொரியலின் இடத்தில் உட்கார வைத்தது ஃபிரெட் வான் டெர் வெய். நல்ல உருளைக்கிழங்கு ஃபிரை வேண்டும், எண்ணெய்ச் சட்டி வேண்டாம் என்பது அவர் கவலை. 2010இல் பெர்லின் கண்காட்சியில் ஃபிலிப்ஸ் நிறுவனம் அதை ஏர் ஃபிரையர் என்று அறிமுகப்படுத்தியது. ஃபிரெட் டச்சுக்காரர். ஃபிலிப்ஸ் டச்சு நிறுவனம். எண்ணெய்ப் பணியாரத்தை உலகத்துக்குக் கொடுத்த அதே ஊர், எண்ணெயையும் திருப்பி வாங்கிக்கொண்டது.

எண்ணெயும் காற்றும் வேலை செய்யும் விதம் வேறு. 180 டிகிரி எண்ணெய் மாவை எல்லாப் பக்கமும் கட்டிப்பிடித்துச் சூட்டை உள்ளே தள்ளும். பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். டோனட் பாதி முங்கிப் பாதி மிதப்பதால் இடுப்பில் ஒரு வெளிர் பட்டை விழும். கடை டோனட்டை அடையாளம் காட்டுவது அந்தப் பட்டைதான். அதே 180 டிகிரி காற்று எவ்வளவு சுழன்றாலும் எண்ணெய் அளவுக்குச் சூட்டைக் கொடுக்காது. ஐந்தாறு நிமிடம் ஆகும், அதற்குள் மேல்தோல் உலரும், இடுப்புப் பட்டை விழாது. உண்மையைச் சொன்னால் இது டோனட் வேஷம் போட்ட நல்ல பன். அந்த வேஷத்தைக் கட்டுவது வெண்ணெயும் சர்க்கரைப் பூச்சும்.

என் அளவு இது. 300 கிராம் மைதா, 130 மில்லி வெதுவெதுப்பான பால், ஒரு முட்டை, 40 கிராம் சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், ஒன்றரை டீஸ்பூன் ஈஸ்ட், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு சிட்டிகை பட்டைத் தூள். பட்டை ருசிக்காக மட்டும் இல்லை, 1667க்காகவும். பத்து நிமிடம் பிசைந்து, இரண்டு மடங்காகும் வரை மூடி வையுங்கள். அரை அங்குல கனத்துக்குத் தேய்த்து டம்ளரால் வெட்டி, பாட்டில் மூடியால் நடுவை எடுங்கள். மறுபடி அரை மணி நேரம் பொங்க வேண்டும். இதை அவசரப்படுத்தக் கூடாது, எண்ணெய் மாதிரி காற்று தூக்கி விடாது. கூடையில் வைக்குமுன் இரண்டு பக்கமும் உருக்கிய வெண்ணெய் தடவி, 175 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நிறம் போதவில்லை என்றால் இன்னொரு நிமிடம்.

வெளியே எடுத்த உடனே மறுபடியும் ஒரு கை வெண்ணெய். பொரித்த டோனட்டின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கும், பூச்சு மேலேயே நிற்கும். இங்கே தோல் வறண்டிருப்பதால் பூச்சை உறிஞ்சிவிடும், அதைத் தடுக்கத்தான் வெண்ணெய். 150 கிராம் ஐசிங் சுகரில் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் பாலும் துளி வனிலாவும் கலந்து வைத்திருப்பீர்கள். டோனட் சூடாக இருக்கும்போதே முக்கி எடுத்துக் கம்பித்தட்டில் வைத்தால், அந்தச் சூட்டில் ஈரம் போய்ச் சர்க்கரை கண்ணாடி போல மெல்லிய ஓடாக இறுகும். ஆறிய பிறகு முக்கினால் பிசுபிசுவென்று நிற்கும்.

இதனால் எல்லாவற்றையும் வேக வைத்துவிட்டு ஒன்றாகப் பூசலாம் என்று இருக்க முடியாது. கூடையில் நாலுதான் பிடிக்கும். இந்த அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு வரும், அப்படியென்றால் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றாக எடுத்து, பூசி, வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிற்காமல் தப்பிக்கலாம் என்று நினைத்தவர் அரை மணி நேரம் அங்கேயேதான் நிற்பார். மூன்றாவது சுற்று வெளியே வரும்போது, முதல் சுற்றில் பெரும்பாலும் ஒன்றுதான் மிச்சம் இருக்கும், அதுவும் கடித்தது.