பந்தய வண்டியும் பால் மரமும்

மஸ்ஜித் தானாவிலிருந்து மலாக்கா செல்லும் சாலையில் தாழ்வான பந்தய வண்டியொன்று உறுமிக்கொண்டு விரையுமானால், காப்பிக் கடையில் இருப்போர் இரு கட்சியாகப் பிரிவது இயல்பு. வண்டி என்றால் அதுவன்றோ வண்டி என்பார் ஒருவர். அதில் அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்பார் மற்றவர். இவ்வழக்கு நூறாண்டுக்கு மேற்பட்டது. அதன் தீர்ப்பில் நம் முன்னோரின் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இரு கட்சிக்கும் ஒருவரே வக்கீலாக நின்றதுதான் வேடிக்கை. ஹென்றி ஃபோர்டின் முதல் மோட்டார்க் கம்பெனி 1901 தொடக்கத்தில் கலைந்துபோயிற்று. அவ்வாண்டு அக்டோபரில், டெட்ராய்ட் நகருக்கு அருகே நடந்த பந்தயத்தில், பேர்பெற்ற உற்பத்தியாளரான அலெக்சாண்டர் விண்டனை அவர் தோற்கடித்தார். உடனே முதலாளிகள் அவரைத் தேடி வந்தனர். 1904 ஜனவரியில் உறைந்து கிடந்த செயிண்ட் கிளேர் ஏரியின் பனிக்கட்டி மீது மணிக்கு 91 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அந்த வண்டிக்கு மேற்கூடே கிடையாது. சந்தைக்குப் போக அது உதவாது. பேர் வாங்க உதவிற்று.

அடுத்த ஆண்டு பாம் பீச் பந்தயத்தில் நொறுங்கிய பிரெஞ்சு வண்டியின் சிறு துண்டு ஒன்றைத் தாம் பொறுக்கி எடுத்ததாகவும், இலேசாகவும் உறுதியாகவும் இருந்த அந்த எஃகில் வனேடியம் கலந்திருப்பதை ஆய்ந்து அறிந்ததாகவும் ஃபோர்டு தம் நூலில் கூறியுள்ளார். அதே வகை எஃகைத்தான் அவர் 1908-இல் வெளியிட்ட டி-மாடல் வண்டியில் பயன்படுத்தினார். அதன் சக்தி 20 குதிரைத் திறனே. வேகம் 45 மைலைத் தாண்டுவது அரிது. ஆயினும் சேற்றிலும் பள்ளத்திலும் தட்டாதபடி உயர்ந்து நின்றது. குடியானவர்கள் அதன் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, வார் மாட்டி மரம் அறுத்தார்கள்! தொடக்கத்தில் 850 டாலர் விற்றது, 1925-இல் 260 டாலருக்கு இறங்கிற்று. 1927-க்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன. பந்தய வண்டிகளோ அக்காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு டயர். அந்நாளில் ஒரு டயர் சில ஆயிரம் மைலுக்குள் தேய்ந்துவிடும். அத்தனைக்கும் ரப்பர் எங்கிருந்து வரும்? மலாக்காவில் டான் சே யான் 1896-இலேயே புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டிருந்தார். மரம் பால் தரத் தொடங்கி, டயருக்கும் கிராக்கி ஏறிய காலமான 1910-இல், இலண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன. கங்காணிமார் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு கிராமங்களிலிருந்து ஆள் திரட்டி, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றினர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, மங்கு மங்காகப் பால் சேர்த்து, காண்டா வாளியில் சுமந்தவர்களை இங்கு அழைத்தது, கண்காணாத தேசத்துக் குடியானவனின் அந்த உயரமான, அழகற்ற வண்டியே. இதைத் தோட்டச் சரித்திரம் எழுதுவோர் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் குறை.

1929-இல் அமெரிக்காவில் 53 இலட்சம் மோட்டார் வண்டிகள் உற்பத்தியாயின. 1932-இல் அது 13 இலட்சமாகச் சுருங்கியது. சாமானியன் வண்டி வாங்குவதை நிறுத்தினான். ரப்பர் ராத்தல் 2 பென்ஸுக்கும் கீழே வீழ்ந்தது. பல்லாயிரம் தமிழர் லயத்தைக் காலி செய்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். செல்வந்தர் சிலர் பந்தய வண்டி வாங்கியதால் ஒரு தோட்டமும் பிழைத்ததாகச் சொல்ல முடியாது.

1942-இல் மலாயா ஜப்பானியர் வசமாகவே, அமெரிக்கர் செயற்கை ரப்பர் உற்பத்தியைப் பெருக்கினர். இன்று பந்தய டயர் பெரும்பாலும் செயற்கைச் சரக்கு. பால் மரத்தின் சரக்கை மிகுதியாக நாடுவது பாரம் இழுக்கும் லாரியின் டயரும், தரையில் மோதி இறங்கும் விமானத்தின் டயருமே.

பந்தய வண்டியை வெறும் ஆடம்பரம் என்று தள்ளுவதும் நியாயமன்று. நம் நாட்டின் புரோட்டோன் நிறுவனம் 1985-இல் சாகாவை வெளியிட்டது. 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் பந்தய வண்டிக் கம்பெனியில் பெரும்பங்கை வாங்கியபோது, இது வீண் செலவு என்று முணுமுணுத்தவர் உண்டு. லோட்டஸின் எலிஸ் வண்டிக்கு இரண்டே இருக்கை. பெட்டி வைக்க இடமோ சொற்பம். ஆனால் பின்வந்த வாஜாவும் ஜென்-2-ம் வளைவுகளில் சாலையைப் பற்றிச் செல்லும் திறத்தைச் செப்பனிட்டவர்கள் அந்த லோட்டஸ் பொறியாளர்களே. வாஜாவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றோர் எலிஸைக் கண்டிருக்கவும் மாட்டார்கள். 2017-இல் லோட்டஸ் கைமாறி, சீனத்துக் கீலி நிறுவனத்திடம் பெரும்பங்கு போயிற்று. சாகா இன்னும் விற்பனையில் இருக்கிறது.