தொடு அதிர்வு வழிகாட்டல்

எண்ணிம வரைபடம் சொல்லும் வழியைத் திரையிலோ ஒலியிலோ அல்லாமல், உடலில் எழும் அதிர்வால் நடந்துசெல்பவருக்கு உணர்த்தும் நுட்பம். பார்வையற்றோருக்கான ஆய்வுகளிலிருந்து கிளைத்தது.

அமெரிக்க மருத்துவர் பால் பாக்-ஒய்-ரீட்டா 1969இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை இதற்கு முன்னோடி. நாற்காலியின் சாய்மானத்தில் 400 அதிர்முனைகள் பதிக்கப்பட்டன. கேமரா பிடித்த உருவம், அமர்ந்திருப்பவரின் முதுகில் அதிர்வாக விழுந்தது. பயிற்சிக்குப் பின் பார்வையற்றோர் பொருள்களை இனங்கண்டனர். அந்த நாற்காலியைத் தெருவுக்குக் கொண்டுபோக முடியாது என்பது வேறு விஷயம்.

தெருவுக்கு வரச் செயற்கைக்கோள் கைகொடுத்தது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் வரை தவறிய இருப்பிடம், ஏறக்குறைய 20 மீட்டருக்குள் அடங்கியது. சில ஆண்டுகளில் அதிரும் இடுப்புப் பட்டைகள் வந்தன. ஜப்பானின் கோஜி சுகடாவும் மிச்சியாகி யசுமுராவும் 2004இல் வெளியிட்ட ஆக்டிவ்பெல்ட்டில் இடுப்பைச் சுற்றி 8 அதிர்விகள் இருந்தன. நெதர்லாந்தின் டிஎன்ஓ நிறுவனத்தில் யான் வான் எர்ப் குழுவினரும் இதே வகைப் பட்டையைச் சோதித்தனர். ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபீல்ஸ்பேஸ் பட்டை விசித்திரமானது. அது வழி சொல்லவில்லை, எந்நேரமும் வடக்கை மட்டும் உணர்த்திக்கொண்டிருந்தது.

பட்டையின் சிறப்பு, அதைப் படித்துப் பழக வேண்டியதில்லை என்பதே. எந்தப் பக்கம் அதிர்கிறதோ அந்தப் பக்கம் திரும்பினால் போதும். ஆனால் வழி கேட்பதற்கென்று தனியாக ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள எத்தனை பேர் முன்வருவார்கள்? கைப்பேசியும் கைக்கடிகாரமும் அந்த இடத்தைப் பிடித்தன. அவற்றில் இருப்பதோ ஒரே அதிர்வி; ஆகவே திசையைச் சங்கேதமாக்க வேண்டியதாயிற்று. 2015இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் வாட்ச், வலப்பக்கம் திரும்ப 12 சீரான தட்டல்களையும், இடப்பக்கம் திரும்ப இரண்டிரண்டாக மூன்று முறை தட்டல்களையும் தந்தது. வாகன நெரிசலுக்கு நடுவே இதைப் பிரித்தறிவது எளிதல்ல. பரவலில் கடிகாரம் வென்றது. தெளிவில் பட்டையே மேல்.

காலணி, இரண்டுக்கும் இடைப்பட்ட தீர்வு. ஐதராபாத்தைச் சேர்ந்த டுசேர் டெக்னாலஜிஸ் 2014இல் அறிமுகப்படுத்திய லேச்சல் காலணியில், திரும்ப வேண்டிய பக்கத்துக் கால் அதிரும். ஹோண்டாவிலிருந்து 2021இல் பிரிந்து உருவான அஷிராசே நிறுவனமும் காலணிக்குள் பொருத்தும் கருவியைப் பார்வைக் குறைபாடு உள்ளோருக்காக உருவாக்கியது.

வரைபடத்தில் இல்லாத பள்ளத்தையோ திறந்த சாக்கடையையோ இந்த வழிகாட்டல் அறியாது. எனவே பார்வையற்றோர் இதை வெண்கோலுக்கு மாற்றாக அல்ல, அதனுடன் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.