திராட்சைப் பதியம்

தாய்க்கொடியினின்று அறுத்தெடுக்காமலே அதன் கிளையொன்றை வளைத்து மண்ணில் புதைத்து, அங்கே வேரூன்றிய பின்னர்த் தனிச் செடியாகப் பிரித்துக்கொள்ளும் விருத்தி முறைக்குத் திராட்சைப் பதியம் என்று பெயர். விதையிலிருந்து முளைக்கும் திராட்சை தாயின் குணத்தை அப்படியே கொண்டு வருவதில்லை. பன்னீர்த் திராட்சையின் விதையை ஊன்றியவருக்குப் பன்னீர்த் திராட்சையே கிடைக்குமென்ற நிச்சயம் கிடையாது. ஆகையால், ஜாதி மாறாமல் கொடியைப் பெருக்க விரும்புவோர் அதன் அங்கத்தைக் கொண்டே பெருக்க வேண்டியவராகின்றனர்.

பெரும்பாலான திராட்சை ஜாதிகளுக்குக் குச்சி நடுவதே போதும். ஆனால் வெட்டிய குச்சி, கட்டுச்சோற்றை மட்டும் நம்பிப் புறப்பட்ட வழிப்போக்கனைப் போல, தன்னுள் சேர்ந்துள்ள மாவுப்பொருள் தீருமுன் வேர் பிடித்தாக வேண்டும். பதியத்துக்கோ தாயின் ஆகாரமும் நீரும் இடையறாது வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் தென்கிழக்குப் பிரதேசத்துக்குரிய மஸ்கடைன் திராட்சையின் முற்றிய குச்சி எளிதில் வேர்விடாத சுபாவமுடையதாகையால், அங்கே பதியம் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகிறது.

முறை மிகப் பழையது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியின் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலிலேயே, அடியில் துளையிட்ட கூடைக்குள் கொடியை நுழைத்து, மண் நிரப்பி வேர்விடச் செய்து, பின்னர்க் கூடையோடு பெயர்த்து நடும் வழி கூறப்பட்டிருக்கிறது. வீட்டுப் பந்தலருகே தரை சிமெண்டாக இருப்பவர்கள் இன்றும் ஒரு பூந்தொட்டியைக் கொண்டு இதையே செய்யலாம்.

கவாத்துச் செய்யும் சமயத்தில், தரையை எட்டக்கூடியதும் பென்சில் பருமனுள்ளதும் நோயற்றதுமான ஒரு கொடியை வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். ஐந்தாறு அங்குல ஆழத்துக்குக் குழி பறித்து, மக்கிய எருவும் மணலும் கலந்து, புதையும் பகுதியின் இலைகளை நீக்கி, கணுவின் அடிப்பக்கத்துப் பட்டையைச் சிறிதளவு சீவி, கவைக்குச்சியால் அழுத்தி மூடிவிட்டு, நுனியில் இரண்டு மொட்டுகளேனும் மேலே நிற்குமாறு சிறு கோலில் கட்டிவிட வேண்டும். பட்டை சீவிய இடத்தில், இலைகளிலிருந்து இறங்கிவரும் சர்க்கரையும் வளர்ச்சி ஊக்கியும் தடைப்பட்டுத் தேங்குகின்றன. அத்தேக்கமும் இருளும் ஈரமும் கூடிய இடத்திலேயே வேர் புறப்படுகிறது. புதைத்த இடத்தின்மேல் ஒரு கல்லை வைப்பது ஈரத்தைக் காக்கும். களிமண்ணில் நீர் தேங்கவிட்டாலோ கொடி அழுகும்.

பிரிப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கொடியை மெல்ல இழுத்துப் பார்க்கையில் மண் இறுகப் பிடித்திருந்தாலன்றிக் கத்தியை எடுக்கலாகாது. அப்போதும் முதலில் பாதி வெட்டி, ஓரிரு வாரம் பொறுத்து மீதியை அறுப்பது உத்தமம்.

பிரான்சின் ஷாம்பேன் பிரதேசத்தில், பழங்கொடிகளை மண்ணில் சாய்த்துத் தோட்டத்தைப் புதுப்பிக்கும் வழக்கம் ஒருகாலத்தில் பெருகியிருந்தது. 1860களில் அந்நாட்டில் தலைகாட்டிய ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அவ்வழக்கத்தைக் குலைத்தது. அப்பூச்சியை எதிர்க்கும் அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டும்படி ஆயிற்று. ஒட்டுக் கொடியிலிருந்து எடுத்த பதியம் தன் சொந்த வேரிலேயே நிற்பதால், அந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. இதே காரணத்தால், நூற்புழுவோ உவரோ மிகுந்த மண்ணுள்ளவர்களும் பதியத்தை விட்டு, அவற்றைத் தாங்கும் டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றையே வாங்கி நடுவது நல்லது.