இருவர் கல்வியும் ஒருவர் பதவியும்

மடு என்றதும் மருதமடு மாதா கோவிலும் ஆவணித் திருவிழாவும் நம் நினைவுக்கு வருகின்றன. அதே மடு, மன்னார் மாவட்டத்தின் இரண்டு கல்வி வலயங்களுள் ஒன்றன் பெயருமாகும். காடும் குளமும் சூழ்ந்த அவ்வலயத்தின் பாடசாலைகளில் பணிபுரிவதைக் 'கஷ்டப் பிரதேச சேவை' என்று ஆசிரிய உலகம் வழங்குகிறது. மாவட்டத்திலே பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. கணவன், மனைவி இருவருள் ஒருவர் இங்கு ஆசிரியராகவும், மற்றவர் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ விரிவுரையாளராகவும் இருப்பின் அவர்களுடைய இல்லறம் விடுமுறை நாட்களுக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. முடிவில் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பவர் யாரென்று கூறவும் வேண்டுமோ?

இதனைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்கிவிடுவோர் பலர். 'மனைவியின் தியாகம்' என்று மாலை சூட்டுவோரும் உளர். ஆனால் இத்தியாகத்தின் வரலாற்றை ஆராய்ந்தால், அதை விதித்தவை பெரும்பாலும் நிறுவனங்களே என்பது புலனாகும்.

பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்குவோம். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆசிரியை ஒருத்தி மணம் புரிந்தவுடன் வேலையை இழந்தாள். லண்டன் நகரசபை இத்தடையை 1935இல் நீக்கியது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் அதனை ஒழித்தது 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம். அயர்லாந்திலோ ஆரம்பப் பாடசாலை ஆசிரியைகளுக்கு 1934இல் விதிக்கப்பட்ட தடை 1958 வரை நீடித்தது. பொருளாதார மந்தம் மிகுந்திருந்த காலத்தில் 'மனைவியின் இடம் வீடு' என்றார்கள். ஆசிரியர் பற்றாக்குறை ஏற்பட்டதும் அதே மனைவியை வகுப்பறைக்கு அழைத்தார்கள். இடையில் மாறியது ஒழுக்கநெறியா, உழைப்புச் சந்தையின் தேவையா?

பல்கலைக்கழகங்கள் இதைவிட நாகரிகமான ஒரு வழியைக் கண்டன. உறவினருக்குச் சலுகை காட்டுவதைத் தடுக்கவென்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஒரு விதியை வகுத்தன. நோக்கம் நன்றே. ஆயினும் நடைமுறையில் அவ்விதியின் வாள் பேராசிரியர்களின் மனைவியர் மீதே விழுந்தது. ஜெர்மனியில் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற மரியா கெப்பர்ட், இரசாயன அறிஞர் ஜோசப் மேயரை மணந்து 1930இல் அமெரிக்கா சென்றார். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் கணவருக்குப் பதவி கொடுத்தது. மனைவிக்குக் கிடைத்தது சிறு உதவியாளர் வேலையே. 1946இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் என்ற பட்டத்தை அளித்தது; சம்பளத்தை அளிக்கவில்லை. அணுக்கருவின் அமைப்பை விளக்கும் அடுக்குக் கொள்கையை அவர் 1949இல் வெளியிட்டது இந்நிலையிலேதான். ஊதியத்துடன் கூடிய முழுப் பேராசிரியர் பதவியை 1960இல் கலிபோர்னியாவில் ஏற்றபோது அவர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். மூன்றாண்டு கழித்து, 1963இல், நோபல் பரிசு பெற்றார். மேரி கியூரிக்குப் பின் பௌதிகத்தில் அப்பரிசு பெற்ற முதற் பெண் அவரே.

அதே சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யெர்க்ஸ் வானாய்வு நிலையத்துக்கு, 1936ஆம் ஆண்டின் முடிவில் தமிழ்த் தம்பதியர் இருவர் புறப்பட்டுச் சென்றனர். கணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், மனைவி லலிதா. இருவரும் சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்றவர்கள். அங்கேதான் ஒருவரையொருவர் அறிந்தனர். விஸ்கொன்சின் மாநிலத்தில், வில்லியம்ஸ் பே என்னும் சிற்றூரில் அவர்கள் குடியேறினர். சந்திரசேகரின் ஆராய்ச்சி விண்மீன்களை எட்டியது. 1983இல் நோபல் பரிசும் வந்தது. தம் வாழ்வுக்கு லலிதாவின் பொறுமையும் ஆதரவும் எவ்வளவு இன்றியமையாதவையாக இருந்தன என்பதை அவரே நன்றியோடு எழுதிவைத்தார். ஆனால் லலிதா கற்ற பௌதிகம் ஆய்வாக மலரவில்லை. இதற்காகச் சந்திரசேகரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. லலிதாவின் விருப்பத்தைச் சிறுமைப்படுத்துவதுமன்று. ஒரு விஞ்ஞானியை விரும்பி அழைத்த உலகம், அவரோடு வந்த பௌதிக மாணவியிடம் 'நீ என்ன கற்றாய்?' என்று கேட்கவில்லை என்பதையே சுட்டுகிறோம்.

இது இயற்கையின் நியதி என்பாருக்குப் பெங்களூரில் மறுமொழி உண்டு. ராஜேஸ்வரி என்ற பொறியியல் அறிஞர் அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1953இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அதே துறையில் பணியாற்றிய சிசிர்குமார் சட்டர்ஜியை மணந்தார். இருவரும் பதவியிலிருந்தே நுண்ணலைகளை ஆராய்ந்தனர். பிற்காலத்தில் ராஜேஸ்வரி அத்துறையின் தலைவியுமானார். ஒரே துறையில் இருவருக்கு இடம் கொடுத்ததால் விஞ்ஞானக் கழகம் இடிந்து விழுந்துவிடவில்லை!

நிற்க. நம் தீவின் நிலை என்ன? 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. வடக்கிற்கு யாழ்ப்பாண வளாகம் 1974இல்தான் வந்தது. மட்டக்களப்பின் பல்கலைக்கழகக் கல்லூரி 1981இல் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021இல். தமிழில் உயர்கல்வி போதிக்கும் இடங்கள் இவ்வளவு சிலவாக இருக்க, ஒரே துறையைக் கற்று மணம்புரிந்த இருவர் பெரும்பாலும் ஒரே வெற்றிடத்தையே எதிர்நோக்க நேர்கிறது. இல்லறத்தில் துணைவர், நேர்முகப் பரீட்சையில் போட்டியாளர்!

யுத்தம் இத்துயரைப் பன்மடங்காக்கியது. 1990இல் தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. மடுக் கோவிலின் சுற்றாடல் இடம்பெயர்ந்தோரின் புகலிடமாயிற்று. பாதைகள் மூடப்பட்டபோது, வெவ்வேறு ஊர்களில் பணிபுரிந்த தம்பதியருக்கு ஒருவர் பதவியைத் துறப்பது அல்லது இருவரும் பிரிந்து வாழ்வது என்ற இரண்டே வழிகள் எஞ்சின. 2013இல் மடு வீதி நிலையத்துக்கும் 2015இல் தலைமன்னாருக்கும் புகையிரதம் மீண்டது. ஆனால் இடைவிட்டுப்போன ஆராய்ச்சியையும் இழந்த சேவைக்காலத்தையும் எந்த வண்டி மீட்டுத் தரும்?

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். ஆசிரியர் அனைவரும் தத்தம் துணைவர் இருக்கும் நகரத்துக்கே இடமாற்றம் கோரினால் மடுவின் பிள்ளைகளுக்குப் போதிப்பார் யார்? நியாயமான கேள்வி. உழவர், மீனவர், கூலித் தொழிலாளரின் பிள்ளைகளை ஆசிரியரின்றித் தவிக்கவிட்டு நாம் குடும்ப நலம் பேசுவதற்கில்லை. ஆனால் பிரித்து வைக்கப்பட்ட ஆசிரியர் முதல் வாய்ப்பிலேயே புறப்பட்டுவிடுவார் என்பதும் உண்மையன்றோ? ஆகவே ஒருவரை மடுவிலிருந்து அனுப்புவதைவிட, மற்றவரையும் மடுவுக்கு அண்மையில் கொண்டுவருவதே வழி. ஆசிரியத் தம்பதியரை ஒரே வலயத்தில் நியமித்தல். குடும்பத்தோடு வாழத்தக்க விடுதிகளைக் கட்டுதல். பிள்ளை பராமரிப்பு நிலையங்களை அமைத்தல். உறவினர் தெரிவுக் குழுவில் இருத்தலைத் தடுக்கும்போதே, உறவு என்ற காரணத்தால் தகுதியுடையோரை விலக்காதிருத்தல் — இவை ஆசிரிய சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும்.

இருவரைக் கற்பிக்கச் செலவிட்டது இந்நாட்டு உழைப்பாளரின் வரிப்பணம். அவ்விருவருள் ஒருவரின் அறிவை அடுப்படியில் பூட்டிவைக்கும் உரிமை எந்தத் திணைக்களத்துக்கும் கிடையாது.