பாய்க்கோரை

பாய்க்கோரை என்பது கோரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவித்திலைப் பல்லாண்டுத் தாவரம் ஆகும். இதன் அறிவியல் பெயர் சைப்பரசு பாங்கோரை. டென்மார்க்கு நாட்டுத் தாவரவியலாளர் ராட்புல் 1773-இல் இதனை விவரித்தார். அவர் இட்ட பெயரிலேயே கோரை என்னும் சொல் ஒலிப்பதைக் காணலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் இது இயற்கையாக வளர்கிறது.

பார்வைக்குப் புல் போன்று இருப்பினும் இது புல் அன்று. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, கணுக்களுடன், உள்ளே வெறுமையாக இருக்கும். கோரையின் தண்டோ முப்பட்டையானது. உள்ளே வெண்ணிறச் சோறு நிறைந்தது. அடி முதல் பூங்கொத்து வரை கணுவே இல்லாதது. பாய் நெசவுக்கு இதனை ஏற்றதாக்குவது இந்தக் கணுவின்மையே. இலைகள் அடியில் உறைகளாகச் சுருங்கியிருக்கும். வயல்களில் களையாகப் பரவும் கோரைக்கிழங்கு இதன் உறவினமே எனினும் வேறு இனமாகும்; இரண்டையும் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. சைப்பரசு கோரிம்போசசு என்னும் மற்றோர் இனமும் பாய் முடையப் பயன்படுகிறது. ஊர் வழக்கில் அதுவும் கோரையே.

வளரிடம்

ஆற்றங்கரை, வாய்க்கால் ஓரம், குளத்தின் நீர்ப்பிடிப்பு போன்ற ஈரம் வற்றாத இடங்களில் இது செழிக்கும். தேங்கிய நீரைத் தாங்கும், நிழலை விரும்பாது. வண்டல் மண்ணும் நிறைந்த வெயிலும் கிடைத்தால் தண்டு நீண்டு, சீராக வளரும். நீர் குறைந்தால் செடி உடனே மடிவதில்லை. ஆனால் தண்டு குட்டையாகிவிடும். அத்தகைய கோரை பாய்க்கு உதவாது.

காவிரிக் கரையில் கரூர், முசிறி வட்டாரங்களில் இது பயிராகவே வளர்க்கப்படுகிறது. விதைப்பதில்லை, மண்ணுக்குள் படரும் கிழங்கைப் பிரித்து நடுகின்றனர். தொடக்கத்தில் களையெடுப்பது இன்றியமையாதது. ஒருமுறை வேரூன்றியபின், அறுக்க அறுக்க அதே கிழங்கிலிருந்து தளிர்த்துப் பல ஆண்டுகள் பலன் தரும்.

அறுவடையும் பயனும்

தண்டுகளைப் பச்சையாக அறுத்து, நீளவாக்கில் கிழித்து, வெயிலில் உலர்த்துவர். உலரும்போது மழையில் நனைந்தால் நிறம் கருத்து விலை குறையும். ஆகவே நீரை நம்பி வளரும் இப்பயிருக்கு அறுவடைக்குப் பின் மழையே பகை. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், உலர்ந்த கோரையைத் தாமிரபரணி நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாக்கிப் பட்டுப் போன்ற பாய் நெய்கின்றனர். மலிவான நெகிழிப் பாய்களின் வரவால் கோரைப் பாயின் சந்தை சுருங்கியுள்ளது. மணல் அள்ளப்பட்டு ஆற்றுப் படுகை தாழும் இடங்களில் கரையின் ஈரம் இறங்கிவிடுவதால், இயற்கைக் கோரையும் இடமிழக்கிறது.