ஜல்லி அள்ளியதால் வந்த வினை - லாரி பேர்டின் முதுகுவலி வரலாறு

எங்கள் காரைக்குடியில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் பெரும்பாலும் சிமெண்ட் தரையில்தான் ஆடுகிறோம். போன மாதம் எங்கள் குழுவில் ஆடும் அண்ணன் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாளும் விளையாட வந்தார். கை, கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் ஒரு பந்துகூட உருப்படியாகக் கூடையில் விழவில்லை! அப்போதுதான் லாரி பேர்டின் கதையைத் தேடிப் படித்தேன்.

பேர்டு அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 1979 முதல் 1992 வரை ஆடியவர். உயரம் 6 அடி 9 அங்குலம். 1984, 1985, 1986 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். 1985 கோடையில் தன் தாயார் வீட்டுக்கு வண்டிப்பாதை போடத் தானே மண்வெட்டி எடுத்து ஜல்லி அள்ளிக் கொட்டினார். முதுகு போய்விட்டது. இதை அப்பத்தாவிடம் சொன்னபோது, "அம்புட்டுச் சம்பாதிக்கிறவன் கூலிக்கு ஒரு ஆள் விடக் கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்...

கூடைப்பந்தில் பந்தை எறிவது கை என்று நினைக்கிறோம். உண்மையில் விசை காலில் பிறந்து, இடுப்பு வழியாக ஏறித்தான் கைக்கு வருகிறது. நடுவில் இருக்கும் முதுகு இறுகிப்போனால் அந்த விசை அங்கேயே நின்றுவிடும். எறிகிற பந்து கூடைக்கு முன்னாலேயே விழும். எதிராளியைத் தடுக்க முட்டி மடக்கித் தாழ்ந்து நிற்க முடியாது. சட்டென்று திரும்ப முடியாது. ரீபவுண்டுக்கு எம்பி இறங்கும்போது உடலின் பாரம் முழுவதும் கீழ்முதுகில் இறங்கும். ஆட்டத்தை விட உட்கார்ந்திருப்பது இன்னும் மோசம். படுப்பதைவிட உட்காரும்போது கீழ்முதுகு டிஸ்க்குகளின் மேல் அழுத்தம் அதிகம். அதனால்தான் கடைசி ஆண்டுகளில் பேர்டு, மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தார். பின்னாளில் ஸ்டீவ் நாஷும் இதே போல் முதுகுக் கோளாறால் தரையில் படுத்துக் கிடந்தவர்தான்.

ஆனால் பேர்டு எப்போதுமே உயரமாக எம்புகிறவரோ வேகமாக ஓடுகிறவரோ இல்லை. யார் எங்கே வருவார்கள் என்று முன்கூட்டியே கணித்து பாஸ் கொடுப்பதுதான் அவர் பலம். முதுகுவலி அதைத் தொடவில்லை. எம்பி ஆடுவதையே நம்பிய ஒருவராக இருந்திருந்தால் இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்திருக்க மாட்டார் என்பது என் கருத்து.

1991 மே 5 அன்று இண்டியானா பேசர்ஸ் அணியுடன் ஆடும்போது கீழே விழுந்து முகம் தரையில் மோதியது. உள்ளே போனவர் திரும்பி வந்து ஆடினார். மொத்தம் 32 புள்ளிகள். பாஸ்டன் 124-121 என்று வென்றது. அந்த ஜூனில் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அடுத்த பருவத்தின் 82 ஆட்டங்களில் 45ல் மட்டுமே ஆட முடிந்தது. அதில் ஒன்றுதான் 1992 மார்ச்சில் போர்ட்லாந்துடன் நடந்த ஆட்டம். 49 புள்ளிகள், 14 ரீபவுண்டுகள், 12 அசிஸ்டுகள்! 35 வயது, அதுவும் அந்த முதுகோடு.

பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கையோடு, 1992 ஆகஸ்ட் 18ல் ஓய்வை அறிவித்தார். பிறகு 1997ல் இண்டியானா பேசர்ஸின் பயிற்சியாளராகி மூன்று ஆண்டுகள் இருந்தார்.

எங்கள் அண்ணன் இன்னும் மைதானத்துக்கு வருகிறார். இப்போதைக்கு ஸ்கோர் எழுதுகிறார், நின்றுகொண்டே.