துருக்கி மொழியில் தங்கிய ‘கி’

பிறமொழிப் பெயர்ச்சொற்கள் புகுவது எம்மொழிக்கும் இயல்பு. துருக்கி மொழியிலோ ‘கி’ என்னும் பாரசீக இடைச்சொல் புகுந்து வாக்கிய அமைப்பையே மாற்ற முற்பட்டது.

துருக்கியரின் பழைய முறை தமிழ் முறையை ஒத்தது. ‘அகமது வந்ததை அறிவேன்’ என்பதை ‘அகமதின் கெல்தியினி பிலியோரும்’ என்பர். ‘வந்ததை’ போலவே ‘கெல்தியினி’யும் இரண்டாம் வேற்றுமை ஏற்று முற்றுவினைக்கு முன் நிற்கும். வேறுபாடு ஒன்றுண்டு: அங்கே வந்தவன் பெயர் ஆறாம் வேற்றுமை பெறும், ‘அகமதினுடைய’ என்றே சொல்லவேண்டும். இவ்வடிவின் மூலம் கி.பி. 732இல் நாட்டப்பெற்ற குல் தெகின் கல்வெட்டிலேயே உள்ளது.

உதுமானியர் கால உரைநடையிலோ ‘அறிவேன்’ என்னும் வினை முன்னே வர, ‘கி’ இடைநிற்க, அறிந்த செய்தி பின்னே தொடர்ந்தது. வாக்கியங்களும் அளவின்றி நீண்டன.

1932இல் முஸ்தபா கெமாலின் முயற்சியால் தோன்றிய மொழிக்கழகம் அரபு, பாரசீகச் சொற்கள் பலவற்றைக் களைந்தது. ‘கி’ தப்பியது. அது வேறொரு தொழிலும் கற்றிருந்ததன்றோ! ‘கெல்மெதி கி!’ என்றால் ‘வரவில்லையே!’ என்பது பொருள். தமிழ் ஏகாரம் போல இறுதியில் நின்று அழுத்தந் தருகிறது. இதனைத் தனித்தே எழுதவேண்டும். ‘எவ்தெகி’ (வீட்டிலுள்ள) என்பதில் வரும் ‘கி’யோ துருக்கியரின் சொந்த விகுதி, சேர்த்தே எழுதப்படுவது. இரண்டையும் மயக்கி எழுதுவது அந்நாட்டு மாணவரிடையே இன்றும் காணப்படும் பிழை.